எண்பத்தொன்பது முத்தும் எமில்டாவும்

மன்னாரில் பிறந்தவள் என்று சொன்னதும் லண்டன் நகைக்கடைக்காரர்கள் எமில்டாவிடம் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "அப்படியானால் முத்து உங்கள் இரத்தத்திலேயே இருக்கிறது." எங்கேயோ ஒரு புத்தகத்தில் மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி வாசித்திருப்பார்கள். அதைக் கேட்டால் எமில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் இரத்தத்தில் இருப்பது சீனி வருத்தம் மட்டும்தான்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மன்னார் வங்காலைக் கிராமத்தில் அவள் வளர்ந்த காலத்தில் யாரும் முத்துக் குளிக்கவில்லை. அவளுடைய தகப்பன் சைக்கிள் திருத்தினார். முத்து என்ற ஒன்றை அவள் முதன்முதல் கையால் தொட்டது முப்பத்துநாலாவது வயதில், 1986ஆம் ஆண்டு, லண்டனின் நகைக்கடைத் தெருவான ஹட்டன் கார்டனில். ஒரு மாடிக்கடையின் நிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மேசைக்கடியில் ஒன்று உருண்டு கிடந்தது. எடுத்துக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்தாள். அதுவும் ஜப்பான் முத்து.

அந்தக் கடைக்காரர் மிஸ்டர் வின்கொம். பழைய நகைகளைத் திருத்துவதும் வாங்கி விற்பதும் அவருடைய தொழில். அந்த வருஷம் கடைசியில், அவரிடம் முத்துமாலை கோத்துக் கொடுத்துவந்த பெண் பிள்ளைப்பேற்றுக்காக நின்றுவிட்டாள். வேலை குவிந்து கிடந்தது. வாளியும் துடைப்பமுமாக நின்ற எமில்டா, "நான் கோப்பேன்" என்றாள்.

வின்கொம் சிரித்தார். எமில்டா சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன் செபமாலையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு மணிக்கும் இடையில் ஒரு முடிச்சு, எல்லா முடிச்சும் ஒரே அளவு, ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. பங்குக் கோயிலில் அறுந்துபோகிற செபமாலைகளையெல்லாம் அவள்தான் முடிந்து கொடுப்பாள். வின்கொம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் பார்த்தார். அடுத்த நாள் ஒரு பழைய மாலையையும் பட்டு நூலையும் அவளிடம் கொடுத்தார். மூன்றாம் மாதம் வாளி வேறொருத்தியின் கைக்குப் போனது.

கோக்க வருகிற மாலைகளில் பத்துக்கு எட்டு ஜப்பானிலிருந்து வந்தவை. உலக யுத்தம் முடிந்த பிறகு ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே போன கப்பல் அதிகாரிகளும் சிப்பாய்களும் வியாபாரிகளும் மனைவிமாருக்கு வாங்கி வந்தவை. நடுவில் பெரிய முத்து, இரண்டு பக்கமும் படிப்படியாகச் சிறுத்து, கழுத்தின் பின்னால் வெள்ளிக் கொக்கியில் போய் முடியும். வின்கொம் அவற்றைத் தட்டில் தள்ளிவிட்டு, "வெறும் வளர்ப்பு முத்து" என்பார். அந்த 'வெறும்' எமில்டாவுக்குப் பிடிக்கவில்லை.

வால்தம்ஸ்டோ நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வாசித்தாள். சிப்பியைத் திறந்து ஒரு சின்ன மணியை மனிதன் உள்ளே வைக்கிறான். அதற்கு மேல் அவன் செய்வதற்கு எதுவும் இல்லை. சிப்பிதான் அந்த மணியைச் சுற்றிப் படை படையாகப் பூசுகிறது. முந்திய காலத்து ஜப்பான்காரர்கள் இரண்டு மூன்று வருஷம் பொறுத்திருந்துதான் சிப்பியைத் தூக்கினார்கள். பிறகு வந்தவர்களில் பலர் அவசரப்பட்டு மாதக்கணக்கிலேயே எடுத்துவிட்டார்கள். அந்த வித்தியாசம் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. துளைக்குள் சின்னப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், உள்ளே இருக்கிற மணிக்கும் மேலே ஏறிய தோலுக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். தோல் தடித்திருந்தால் பழைய முத்து. முப்பது வருஷம் கழுத்தில் கிடந்தும் ஒளி குறையாமல் இருப்பது அதுதான்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மாலை வந்தாலும் பழைய நூலை வெட்டியதும் முத்துகளை எண்ணுவாள், தனியே நிறுப்பாள், இரண்டையும் வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

1991 மார்ச்சில் கத்தரின் என்ற வயதான ஆங்கிலேயப் பெண்மணி ஒரு மாலையைக் கொண்டுவந்தார். கணவர் கடற்படையில் இருந்தவர், இறந்து ஆறு வருஷம். கோபே துறைமுகத்தில் வாங்கி வந்தாராம். நீல வெல்வெட் பெட்டி. மூடியின் உட்பக்கத்துப் பட்டுப் பையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு துண்டுத் தாள். எமில்டாவுக்கு அந்த எழுத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஜப்பானிலிருந்து கடைக்கு வருகிற முத்துப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் அது இருக்கும்: மொம்மே என்கிற அவர்களுடைய முத்து நிறையின் குறி. ஒரு மொம்மே மூன்றே முக்கால் கிராம். தாளில் அந்தக் குறிக்குப் பக்கத்தில் 5.6 என்றும், அதற்கு மேலே 89 என்றும் இருந்தன. அவள் எண்ணினாள்: எண்பத்தொன்பது. நிறுத்தாள், எழுதினாள், கோத்துக் கொடுத்தாள். நல்ல மாலை. மனதுக்குள் அந்தச் சிப்பிகளுக்கு நன்றி சொன்னாள்.

மூன்று கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கத்தரின் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. பேத்திக்கு எழுதி வைப்பதற்காக மாலையை ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்திருக்கிறார். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இது வளர்ப்பு முத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என் கணவர் வாங்கியது கடலில் தானாக விளைந்த முத்து. அவரே எனக்குச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷம் அதைத்தான் போட்டேன்" என்றார் கத்தரின். பிறகு வேலை மேசையில் இருந்த எமில்டாவைப் பார்த்தார். "உங்களுடைய இந்தப் பெண் அதை மாற்றிவிட்டாள்."

கடையில் அப்போது வின்கொமும், நகை மெருகிடும் இசபெலும் நின்றார்கள். எமில்டாவின் கையில் இருந்த ஊசி நூலோடு அப்படியே நின்றது.

"நான் மாற்றவில்லை" என்றாள். கத்தரின் காதில் வாங்காமல் படியிறங்கிப் போனார்.

மத்தியானம் வின்கொம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சாகி இருந்தது. கோக்கும்போது வேறொரு மாலையோடு கவனக்குறைவாகக் கலந்துவிட்டேன், வருந்துகிறேன் என்று எமில்டா சொல்வதாக அதில் எழுதியிருந்தது.

"திருட்டு என்று இதில் ஓரிடத்திலும் இல்லை. பிழை என்றுதான் இருக்கிறது" என்றார் அவர். "நீங்கள் கையெழுத்துப் போட்டால் காப்புறுதிக் கம்பனி அவருக்கு நட்டஈட்டைக் கொடுத்துவிடும். உங்கள் வேலையும் இருக்கும். இல்லாவிட்டால் அவர் பொலிசுக்குப் போவார்."

"நான் பிழை விடவில்லை. சீட்டின் பின்னால் எழுதியிருக்கிறேன், பாருங்கள்."

"நீங்கள் எழுதியதை நீங்களே சாட்சியாகக் காட்ட முடியாது, எமில்டா. திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள்."

வீட்டில் அவளுடைய கணவன் சவிரிமுத்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கதையைக் கேட்டான். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை அவனுக்கு. ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவன். 85இல் ஓடி வந்ததிலிருந்து எந்தச் சீருடையைக் கண்டாலும் நெஞ்சு இடிக்கும். அவர்கள் இரண்டு பேருடைய விசாவும் குரோய்டன் குடிவரவுக் காரியாலயத்தின் கையில் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருகிற தங்கும் அனுமதி. அடுத்த தவணைக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

"கையெழுத்தை வைச்சிட்டு விடு" என்றான்.

"ஏன் வைக்க வேணும்? நான் எடுத்தனானே?"

"நீ எடுக்கேல்ல எண்டு எனக்குத் தெரியாதே? அது கதையில்லை. பொலிஸ் எண்டு ஒரு பேப்பர் குரோய்டனுக்குப் போனாலே போதும். எங்கட பைலைத் தூக்கி எறிஞ்சு போடுவாங்கள்."

"கையெழுத்து வைச்சா மட்டும் போகாதே? பிழை விட்டவள் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ? இண்டைக்குப் பிழை எண்டுவாங்கள். நாளைக்கு அடுத்த கடையில ஒரு மோதிரம் காணாமப் போனா, இவள்தான் முந்தியும் செய்தவள் எண்டுவாங்கள்."

"உனக்கு எப்பவும் இதுதான். வணங்கத் தெரியாது."

"வணங்கிறதுக்குக் கோயில் கிடக்கு. கடையில நான் வணங்க மாட்டன்."

சனிக்கிழமை முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. பங்கில் அவளுக்குப் பழக்கமான பெர்னடெற் அக்காவும் அவன் பக்கம்தான் பேசினா. "பிள்ளை, வெள்ளைக்காரியோட வழக்காட எங்களுக்கு ஏலுமே? நீ சும்மா ஒரு கீறலைக் கீறிப்போட்டு வா" என்றா. எமில்டா அவ ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தாள். உடுப்பை மாற்றாமலே வால்தம்ஸ்டோ ரெயில் நிலையத்தடிக்குப் போய், ரெலிபோன் கூண்டுக்குள் நின்றுகொண்டு, வேலைச் சீட்டிலிருந்து பிரதி பண்ணி வைத்திருந்த இலக்கத்தை அழுத்தினாள். கத்தரினே எடுத்தார்.

"நான் எமில்டா. உங்கள் மாலையைக் கோத்தவள். திங்கட்கிழமை பத்து மணிக்கு மாலையைக் கொண்டு கடைக்கு வாருங்கள். பெட்டியையும் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னால் நான் அதை வெட்டிக் காட்டுகிறேன்."

"எதற்காக நான் வரவேண்டும்?"

"என்னைக் கள்ளி என்று சொன்னது நீங்கள். விருப்பமென்றால் பொலிசையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் பெட்டியை மறக்க வேண்டாம்."

ரிசீவரை வைத்தாள். கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வெளியில் ஒரு ஆள் தட்டினான். முறைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் கோட்டைப் போடும்போது சவிரிமுத்துவும் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்குக் காலை ஷிப்ட்.

"எங்க போறியள்?"

"உன்னோட வாறன். வேலைக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப் போட்டன்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு இது விருப்பமில்லை. எண்டாலும் நீ தனியப் போகக் கூடாது."

கத்தரின் பத்து மணிக்குச் சரியாக வந்தார். பொலிஸ் வரவில்லை. வந்திருந்தவை நீல வெல்வெட் பெட்டியும் மாலையும். அதற்குள் எமில்டா இன்னொரு வேலையும் பார்த்திருந்தாள்: கீழ்மாடியில் ஜப்பான் முத்து இறக்குமதி செய்கிற கம்பனிக்குப் போய், அங்கே எழுத்தராக இருந்த ஜப்பானிய இளைஞனை ஐந்து நிமிஷம் மேலே வரும்படி கேட்டிருந்தாள். வின்கொம் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எமில்டா, இது தேவையில்லாத வேலை" என்று இரண்டு தரம் சொன்னார். அவள் அவரைக் கடந்து போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள்.

"முதலில் பெட்டிக்குள் இருக்கிற தாள்" என்றாள்.

"அது கடைப் பற்றுச்சீட்டு. யாருக்கும் வாசிக்கத் தெரியாது" என்றார் கத்தரின்.

"இவருக்குத் தெரியும்."

அந்த இளைஞன் தாளை இரண்டு கையாலும் வாங்கி, தலையைச் சிறிது குனிந்துவிட்டு, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னான். கோபே. ஷோவா ஆண்டு இருபத்தெட்டு, அதாவது 1953. கழுத்துமாலை ஒன்று. வளர்ப்பு முத்து. எண்ணிக்கை எண்பத்தொன்பது. நிறை ஐந்து தசம் ஆறு மொம்மே.

'வளர்ப்பு முத்து' என்ற இடத்தில் கத்தரின், "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். அவன் அந்த எழுத்துகளைத் தொட்டுக் காட்டி இன்னொரு தரம் சொன்னான்.

எமில்டா கத்தரிக்கோலை எடுத்தாள். தான் மூன்று கிழமைக்கு முன் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். முத்துகள் பள்ளம் வெட்டிய சாம்பல் நிறத் தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய் நின்றன. "நீங்கள் எண்ணுங்கள்" என்று வின்கொமிடம் சொன்னாள். அவர் எண்ணினார். எண்பத்தொன்பது. "நீங்கள் நிறுங்கள்" என்றாள் இசபெலிடம். தராசு இருபது தசம் எட்டு கிராம் காட்டியது.

"ஐந்து தசம் ஆறு மொம்மே என்றால் இருபத்தொரு கிராம்" என்றார் வின்கொம். "கொஞ்சம் குறைகிறதே."

"குறையத்தான் வேண்டும். முப்பத்தெட்டு வருஷ வியர்வையும் வாசனைத் தைலமும் முத்தைத் தின்னாதா? குறையாமல் இருந்தால்தான் நான் மாற்றினேன் என்று சொல்லலாம்." பின்கழுத்தில் கிடந்த சின்ன முத்துகளில் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கத்தரினுக்குப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். "பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. உங்கள் தோலில் பட்டுத் தேய்ந்தது. இதை எந்தக் கள்ளியாலும் மூன்று கிழமையில் செய்ய ஏலாது."

கத்தரின் நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்தபோது அவருடைய கோபம் வேறொரு பக்கம் திரும்பியிருந்தது.

"அப்படியானால் அவர் எனக்குப் பொய் சொன்னாரா? பொய் முத்தையா நான் இத்தனை வருஷம் போட்டேன்?"

"பொய் முத்து இல்லை" என்றாள் எமில்டா. இந்த இடத்தில்தான் அவளுடைய குரல் உயர்ந்தது. "உங்கள் கணவர் என்ன சொன்னார், ஏன் சொன்னார், எனக்குத் தெரியாது. ஆனால் இது நல்ல முத்து. உயிருள்ள சிப்பி கடலுக்குள்ளே வருஷக்கணக்காகக் கிடந்து செய்தது. உள்ளே ஒரு மணியை வைத்தது மட்டும்தான் மனிதன். இந்தக் கடைக்கு வருகிற மாலைகளில் இந்த மாதிரித் தடித்த தோல் நூற்றுக்கு ஐந்தில்கூட இல்லை. இதைப் பேத்திக்குக் கொடுக்க நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை."

கத்தரின் கைப்பையைத் திறந்து மூடினார். "சரி. திரும்பக் கோத்துக் கொடுங்கள்."

எமில்டா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "கோப்பேன். முதலில் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இந்த ஆட்களுக்கு முன்னால் என்னைக் கள்ளி என்றீர்கள். அதே ஆட்கள் இங்கே நிற்கிறார்கள்."

"எமில்டா!" என்றார் வின்கொம்.

சவிரிமுத்து வாசலடிக் கதிரையிலிருந்து எழும்பி நின்றான். அவனுக்கு வியர்த்திருந்தது. ஆனால் எமில்டாவைத் தடுக்க ஒரு அடியும் வைக்கவில்லை. தட்டில் கிடந்த முத்துகளைப் பார்த்தபடி கத்தரின் நின்றார்.

"நான் சொன்னது பிழை" என்றார் கடைசியில். "நீங்கள் எதையும் எடுக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

"நன்றி" என்றாள் எமில்டா. உடனே பட்டு நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் கத்தரின் எதிரில் இருந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தார். காவலுக்காகப் பார்க்கவில்லை என்பது எமில்டாவுக்குத் தெரிந்தது. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அவர் படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் வின்கொம் கையைத் தட்டினார். "எல்லாம் நல்லபடி முடிந்தது. நான் உங்களை ஒருபோதும் சந்தேகப்படவில்லை."

"அப்படியானால் அந்தக் கடிதம்?"

"அதைக் கிழித்துவிட்டேன். மறந்துவிடுங்கள்."

"அவர் தெரியாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். நீங்கள் ஐந்து வருஷமாக என் கையைத் தெரிந்தவர். தெரிந்துகொண்டுதான் தட்டச்சடித்தீர்கள்." அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யன்னலைப் பார்த்தார். எமில்டா இடுக்கியையும் ஊசிப் பெட்டியையும் எடுத்துக் கைப்பையில் போட்டாள், அவை அவளுடைய சொந்தச் சாமான். மேலங்கியைக் கழற்றிக் கதிரை முதுகில் போட்டுவிட்டு இசபெலைக் கட்டிப்பிடித்தாள்.

பஸ்ஸில் சவிரிமுத்து யன்னலோரம் போய் உட்கார்ந்தான். "வேலையும் போச்சு" என்றான் பிறகு.

"போகட்டும். அந்த ஆளின்ர மூஞ்சியில இனி என்னால முழிக்க ஏலாது."

அவன் தலையை ஆட்டினான். ஹாக்னி தாண்டியதும் திடீரென்று சிரிக்கத் தொடங்கினான். "பொலிசையும் கூட்டிக்கொண்டு வா எண்டு சொன்னியாமே? கத்தரின் சொன்னதெண்டு இசபெல் சொன்னவ. உனக்கு விசர்தான்."

எல்லாம் அதோடு சுகமாக முடிந்துவிடவில்லை. எட்டு மாதம் அவள் பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் செய்தாள். வாயாடி என்ற பெயர் ஹட்டன் கார்டனில் இரண்டு கடைக் கதவைச் சாத்தியது. ஆனால் இசபெல் எமில்டாவின் கைத்திறனை ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த ஜப்பானியக் கம்பனி முதலில் இரண்டு மாலை கொடுத்துப் பார்த்தது, பிறகு ஒவ்வொரு கிழமையும் கொடுத்தது. 92 கடைசியில் எமில்டாவின் வீட்டு முன்னறை வேலை அறையாகிவிட்டது. 93இல் குரோய்டன் தவணைக்குப் போனபோது, தொழில் என்ற இடத்தில் சவிரிமுத்து 'துப்புரவுப் பணி' என்று எழுதப் போனான். முன்பு அப்படித்தான் எழுதியிருந்தார்கள், மாற்றினால் கேள்வி வரும் என்றான். அவள் பேனாவைப் பறித்து 'முத்து கோப்பவர், சுயதொழில்' என்று எழுதினாள். கேள்வி வரத்தான் செய்தது. மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் சொன்னாள். 94இல் நிரந்தரமாக இருக்க விட்டார்கள்.

அந்த வருஷமே அவள் பழம்பொருள் சந்தைகளில் அறுந்த ஜப்பான் மாலைகளைத் தேடி வாங்கத் தொடங்கினாள். பிளாஸ்ரிக் மணிகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அவள் கழுவி, தரம் பிரித்து, கோத்து, ஈஸ்ட் ஹாமில் நரசிம்மன் என்பவருடைய நகைக்கடையில் ஒரு சின்னக் கண்ணாடி அலுமாரியில் வைத்தாள். நரசிம்மன் மதுரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவளுடைய பெயர்ச்சீட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"'ஜப்பான், வளர்ப்பு முத்து, 1950கள்'னு ஏம்மா எழுதறீங்க? 'ஜப்பான் முத்து'ன்னு மட்டும் போடுங்க. வளர்ப்புன்னு பார்த்தா யாரு வாங்குவாங்க?"

"வாங்கிறவை வாங்கட்டும். வாங்காதவை போகட்டும். அந்தச் சொல்லை எடுத்தா நான் என்ர அலுமாரியை எடுத்துக்கொண்டு போடுவன்."

"ஆமா, செஞ்சாலும் செய்வீங்க" என்று அவர் விட்டுவிட்டார். முதல் வருஷம் ஏழே ஏழு மாலைதான் விற்றது. 95 தொடக்கத்தில் கோபேயில் பூமி அதிர்ந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, முன்பின் போகாத அந்த ஊருக்காகக் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி வந்தார்கள். ஆங்கிலேயப் பெண்களும் வந்தார்கள். தங்கத்தோடு கலந்து கோத்துத் தரச் சொல்லிப் பள்ளி ஆசிரியையான செல்வமலர் வந்தாள். அவளைப் பார்த்து அவளுடைய சிநேகிதிகள் வந்தார்கள்.

97 ஆவணியில் பெர்னடெற் அக்காவின் மகளுடைய கலியாணம். வால்தம்ஸ்டோவில் மண்டபம். பெண்கள் எல்லாரும் பதக்கம் சங்கிலியும் அட்டியலுமாக வந்திருந்தார்கள். எமில்டா கடும்பச்சைச் சேலையும், தான் வாங்கிக் கோத்த மாலைகளில் விற்க மனம் வராத ஒரே ஒரு மாலையுமாகப் போனாள். கழுத்தில் வேறொன்றும் இல்லை. மணமகனின் பெரியம்மா கமலாம்பிகை அவளை மேலும் கீழும் பார்த்தா.

"என்ன பிள்ளை, லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். ஒரு பவுணும் இல்லையே? உந்த ஜப்பான் பொய் முத்தோடயே வந்தனி?"

பந்தியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சவிரிமுத்து தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக இருந்தான். தலையைக் குனிய அல்ல, அவள் சொல்லப்போவதைக் கேட்க.

"மாமி, இஞ்ச வாங்கோ" என்றாள் எமில்டா. மாலையின் பெரிய முத்தைக் கழுத்தோடேயே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "கிட்ட வந்து பாருங்கோ. உங்கட முகம் தெரியுதே?"

கமலாம்பிகை குனிந்து பார்த்தா. "ஓம், தெரியுதுதான்."

"பொய்யில முகம் தெரியாது மாமி. இருங்கோ, சாப்பிடுவம்."

அவள் வாழையிலையைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைக் குழைக்கத் தொடங்கினாள்.